நுனியில் நின்றவர்

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்று பெயர்தான். உள்ளே சிலை கிடையாது, உண்டியல் கிடையாது, பாட்டுப் பாட ஆள் கிடையாது. சுவர் முழுக்க ஆணி அடித்து வடக்கயிறும் லாரி டியூபும் மாட்டியிருக்கும். சாமி கும்பிட வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மடத்துக்குத் தலைவி தையல்நாயகி அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் உருத்திராட்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசில் தொங்கும். சீடர்கள் பதினொரு பேர். ஒருவர் பஞ்சர் கடை வைத்திருந்தார், ஒருவர் செங்கல் சூளை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பேருக்கு வாழைக்காய் வியாபாரம். விடிந்ததும் வந்து ஆற்றில் இறங்கி வரிசையாக நிற்பார்கள். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அரைமணி நேரம் அப்படியே நின்றுவிட்டு, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள். அவர்கள் செய்த தியானம் அவ்வளவுதான்.

வெள்ளம் வந்தால் அந்த வரிசைக்கு வேலை வரும். கரையில் ஒருவர் காலை ஊன்றிக்கொள்ள, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீருக்குள் நீளுவார்கள். நுனியில் நிற்பவருக்கு மட்டும் ஒரு கை சும்மா இருக்கும். மரத்திலோ கூரையிலோ தொற்றிக்கொண்டிருக்கும் ஆளை அந்தக் கை பிடிக்கும். பிடித்ததும் வரிசை மொத்தமும் அடி அடியாகக் கரைக்குத் திரும்பும். ஒரு நடைக்கு ஒரு ஆள். ஆற்றோரத் தாழ்வான படுகையில் குடியிருந்தவர்களில் பாதிப்பேர் அப்படிக் கரையேறியவர்கள்தான்.

கலியபெருமாளும் அப்படிக் கரையேறியவர்.

அவருக்கு அறுபது வயது. முப்பத்து நான்கு வருடம் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் கொடுத்தவர். சைக்கிள் மிதித்தே உடம்பில் சதை தங்கவில்லை. விலாசம் பாதி அழிந்துபோன கடிதத்தைக்கூட நான்கு இடத்தில் விசாரித்து உரிய ஆளிடம் சேர்த்துவிடுவார். போன கார்த்திகையில் வந்த வெள்ளம் அவரைக் கரையில் சேர்த்தது. அவர் மனைவி சௌந்தரத்தைச் சேர்க்கவில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் கலியபெருமாள் மடத்துக்கு வந்தார். கையில் ஒரு பொன்னாடை இருந்தது.

"யாருக்கு?" என்று கேட்டார் தையலம்மாள்.

"என்னைக் கரையேத்தினவருக்கு."

"பதினொரு பேரும்தான் கரையேத்தினாங்க."

"நுனியில நின்னவருக்குத் தாயே. அவர் கைதான் என் கையைப் பிடிச்சிருந்துச்சு."

"நுனியில யார் நின்னாங்கன்னு இங்க சொல்ற வழக்கம் இல்லீங்க."

கலியபெருமாள் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பொன்னாடை உண்மை. நன்றியும் உண்மைதான், அதில் கள்ளம் கிடையாது. ஆனால் அந்த இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஐந்து மாதமாக அவரைத் தூங்கவிடாமல் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

"அவரை ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"என்ன கேக்கணும்?"

"ஒரு தென்னை மரத்தைப் புடிச்சுக்கிட்டு நானும் அவளும் தண்ணியில நின்னோம். என் இடது கையில அவ கை இருந்துச்சு. அப்புறம் யாரோ வந்து என் வலது கையைப் பிடிச்சாங்க. கரைக்கு வந்து பாத்தா இடது கை காலியா இருக்கு. நடுவுல நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. நான் விட்டேனா, அவ விட்டாளா? பக்கத்துல இருந்தது அந்த ஒரு ஆளுதான். அவர் பாத்திருப்பார்."

தையலம்மாள் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது தாயே."

"நல்லதாப் போச்சு. நீந்தத் தெரிஞ்சவங்களுக்குத் தன் கை மேல நம்பிக்கை அதிகம். சீக்கிரம் விட்டுடுவாங்க. நாளைக்கு விடியக்காலம் வாங்க."

பொன்னாடையை வாங்கிக்கொண்டு போய் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே முப்பது நாற்பது பொன்னாடைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஊரார் வருடாவருடம் கொண்டுவந்து போர்த்தியவை. வெள்ளத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டு கரையேறுகிறவர்களுக்குப் போர்த்த அவைதான் உதவின. ஜரிகை கழுத்தைக் குத்தும். ஆனால் குளிருக்குப் பழுதில்லை.

இப்படித்தான் கலியபெருமாள் அறுபதாவது வயதில் சீடரானார்.

அவருக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. விடிவதற்குச் சற்று முன்னால் வரும். வெள்ளைத் தண்ணீர். சத்தமே இருக்காது, பஞ்சு பறப்பது மாதிரி தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். சௌந்தரம் மரத்தடியில் காப்பிக்கொட்டை நிறப் புடவையில் நின்றுகொண்டிருப்பாள். யாரோ அவளிடம் ஏதோ சொல்வார்கள். உதடு அசைவது தெரியும், சொல் கேட்காது. அவளும் சரி என்று தலையை ஆட்டுவாள். கீரைக்காரி நாளைக்கு வருகிறேன் என்றால் ஆட்டுவாளே, அதே மாதிரி. அவ்வளவுதான், விழிப்பு வந்துவிடும். இடது உள்ளங்கை விரிந்து கிடக்கும்.

கனவு கலைந்த கையோடு எழுந்து ஆற்றுக்குப் போவார். பாதி நாள் கனவின் தண்ணீர் முடிந்து நிஜத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே அவருக்குத் தெரியாது. விடியாத மங்கலில் பதினொரு பேர் முழங்காலளவு நீரில் நிற்பார்கள். இவர் போய்ப் பன்னிரண்டாவது ஆளாகக் கையைக் கொடுப்பார்.

மணிக்கட்டைப் பிடிப்பதற்குக் காரணம் இருந்தது. கையோடு கை கோத்தால் இரண்டு பேரும் பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தால், ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடி இருக்கும். முதல் நாளே அம்மா சொல்லிக்கொடுத்தது இது.

தபால்காரர் சும்மா இருப்பாரா? வீடு வீடாகப் போவது போல ஆள் ஆளாகப் போக ஆரம்பித்தார். இன்றைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்பார், நாளைக்கு வேறொருவர் பக்கத்தில். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிடியைக் கவனிப்பார். அவருக்கு ஞாபகம் இருந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் வந்து மோதுவதற்கு ஒரு மூச்சு முன்னால் அந்தக் கை இறுகியது. மோதி முடிந்ததும் தளர்ந்தது. அடுத்த அடி வருவதற்கு முன்னால் மறுபடி இறுகியது. கரை வரும்வரை அப்படியே வந்தது. அந்தக் கையை ஆயிரம் கைக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

வாத்தியார் பிடி மெலிதாக இருந்தது. சூளைக்காரர் பிடி தோலை உரித்தது. வாழைக்காய் வியாபாரிகள் இரண்டு பேரும் பேச்சு சுவாரஸ்யத்தில் பிடித்திருப்பதையே மறந்துவிடுவார்கள்.

பஞ்சர் கடை சவரிமுத்துதான் அவருக்குப் பிடிபடவில்லை. தாட்டியான ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆற்றில் நிற்கும் அரைமணி நேரமும் எல்லாரையும் வம்புக்கு இழுத்துச் சிரிக்கவைப்பவர். கலியபெருமாள் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொண்டுவிடுவார். அவர் பிடியோ, சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவர் பிடி போல இருந்தது. பட்டும் படாமலும்.

"காலை அகட்டி நில்லுங்கண்ணே" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

'இந்த ஆளுக்கு நம்மைக் கண்டால் ஆகவில்லை' என்று கலியபெருமாள் முடிவு கட்டினார். நமக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று, தேடுகிற கணக்கிலிருந்து முதல் ஆளாக அவரைத் தள்ளியும் வைத்துவிட்டார்.

ஆடி மாதத்தில் டவுனிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் காரில் வந்தார்கள். வெள்ள மீட்புத் தொண்டர்களுக்குப் பாராட்டு விழா எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். பந்தல், மைக் செட், மதியச் சாப்பாடு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கேடயம்தான் ஒன்றே ஒன்று இருந்தது.

"சிறந்த தொண்டர்னு ஒருத்தர் பேரைச் சொல்லுங்கம்மா. கேடயத்துல பொறிக்கணும்" என்றார் செயலாளர்.

"பதினொரு பேரு இருக்காங்களே."

"நியாயம்தான். ஆனா நுனியில நின்னு ஆளைப் பிடிக்கிறவர்னு ஒருத்தர் இருப்பார்ல? முக்கியமான வேலை அவர்தானே செய்யறார்?"

தையலம்மாள் கேடயத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நல்ல கனம்.

"நுனியில நின்னது யாருன்னு தெரிஞ்சா, கரைக்கு வந்தவங்க நன்றி சொல்லத் தேடிக்கிட்டு வருவாங்க. கரைக்கு வராதவங்க வீட்டு ஆளுங்களும் தேடிக்கிட்டு வருவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்தான் சார்."

வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, கேடயத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். விழா என்னவோ ஜாம் ஜாம் என்று நடந்ததாம். கேடயத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று மடத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கார் போன பிறகு கலியபெருமாள் அம்மாவின் எதிரில் வந்து நின்றார். அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"வராதவங்க வீட்டு ஆளுன்னு சொன்னது என்னைத்தானே?"

"உங்களையும்தான்."

"நான் சண்டை போட வரலை தாயே. எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். காலையில ஒரு வாய் காப்பி குடிக்கறப்பக்கூட, இந்தக் கைதான் விட்டிருக்குமோன்னு டம்ளரைக் கீழ வெச்சுடறேன்."

"சண்டை போட மாட்டீங்கன்னு தெரியும்."

"பின்னே சொல்லுங்க."

"என் வாயால சொன்னா உங்களுக்கு ஒரு பேருதான் கிடைக்கும். பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் மனசு ஆறவில்லை.

ஆவணி முடிவதற்குள் பதினொரு பேரையும் பார்த்து முடித்துவிட்டார்.

"அந்தக் கை இங்க இல்லை தாயே" என்றார் ஒருநாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நாள்கணக்கா நின்னுட்டேன். எந்தக் கையும் அந்த மாதிரி இறுகலை."

"நீங்க பாத்தப்ப ஆறு எப்படி இருந்துச்சு?"

"சும்மாதான் இருந்துச்சு. முழங்காலை நனைச்சுக்கிட்டுப் போச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு அம்மா கயிற்றுக்கு முடிச்சுப் போடப் போய்விட்டார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மேற்கே மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலையில் ஆறு எழுந்து படுகைக்குள் வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் முதல் நாளே மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சிங்காரம் மட்டும், ஆடு மாடெல்லாம் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். அவர் இருந்ததால் அவர் மனைவி அலமேலுவும் இருந்துவிட்டாள். ஆடு மாடுகள் புத்திசாலித்தனமாக முன்பே மேடேறிவிட்டன. இவர்கள் இரண்டு பேரும் ஒரு பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் நின்றார்கள்.

தையலம்மாள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அப்படிப் பார்த்துத்தான் சொல்வார்.

"நடுவுல இழுப்பு ஜாஸ்தி. கனமான ஆளுங்க நடுவுல நில்லுங்க. மரத்தடி கொஞ்சம் மேடு. நுனிக்கு லேசான ஆளாப் போகலாம்." அவர் கண் கலியபெருமாளிடம் வந்து நின்றது. "நுனி தபால்கார ஐயா. அவரைப் பிடிக்கறது சவரிமுத்து."

சவரிமுத்து தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, வேற யாரையாச்சும்…"

"நேரமில்லை சவரி."

விசில் ஊதியது. இறங்கினார்கள்.

தண்ணீர் முதலில் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு. மழை நின்றுவிட்டிருந்தது. வானம் வெளுத்து, ஆறும் வெளுத்து, இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. கலியபெருமாள் ஒவ்வொரு அடியாக வைத்தார். அவர் வலது மணிக்கட்டு சவரிமுத்துவின் கையில் இருந்தது. இன்றைக்கு அது பட்டும் படாமலும் இல்லை.

அந்தக் கை இறுகியது. ஒரு மூச்சு கழித்துத் தண்ணீர் வந்து மோதியது. கை தளர்ந்தது.

கலியபெருமாள் நின்றுவிட்டார்.

மறுபடி இறுகியது. ஒரு மூச்சு. தண்ணீர் மோதியது.

காதில் ஆற்றின் இரைச்சல் அடங்கிப்போனது. கனவில் இருக்குமே, அந்த நிசப்தம். அவர் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து இவரைப் பார்க்கவில்லை. மேற்கே, தண்ணீர் வரும் திசையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு அலையையும் முன்கூட்டியே பார்த்துப் பார்த்து அவர் கை இறுகியது. மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"திரும்பாதீங்கண்ணே" என்றார். "மரத்தைப் பாருங்க."

கலியபெருமாள் மரத்தைப் பார்த்தார். வேறு என்ன செய்ய முடியும்? மரத்தில் இரண்டு உயிர் இருந்தது.

அலமேலு இந்தப் பக்கம் இருந்தாள். சிங்காரம் அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறு கையை ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். கலியபெருமாள் இடது கையை நீட்டி அலமேலுவின் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வரிசை மொத்தமும் ஆட்டம் கண்டது.

"கோத்துக்கிட்டிருக்காங்க" என்றார் சவரிமுத்துவிடம்.

சவரிமுத்து மேற்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆளுதாண்ணே வர முடியும்."

"விட மாட்டேங்கறாங்க."

"பிரிங்க" என்றார் சவரிமுத்து.

"நான் வரலை" என்றாள் அலமேலு. "அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. என் கையைத் தொடாதீங்க."

கலியபெருமாள் அந்தக் கையைத் தொட்டார். நனைந்து விறைத்துப்போன விரல்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த விரல் மறுபடி போய்க் கோத்துக்கொண்டது. மறுபடி பிரித்தார். அறுபது வயதுக்குள் அவர் செய்த கொடுமையான காரியம் அதுதான். கடைசி விரலும் வந்ததும் சிங்காரத்தின் கையை எடுத்துக் கிளைமேல் வைத்து அழுத்தினார்.

"மரத்தைப் புடிச்சுக்குங்க. அடுத்த நடை உங்களுக்குத்தான்."

சிங்காரம் சரி என்று தலையை ஆட்டினார்.

சொன்ன பிறகுதான் கலியபெருமாளுக்கு அது கேட்டது. ஒரு வருடமாகக் கனவில் உதடு அசைந்து அசைந்து வராமல் இருந்த சொல் அவர் வாயிலிருந்தே வந்திருந்தது.

அலமேலுவின் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டார். வரிசை திரும்பியது.

கரை ஐம்பது அடிதான் இருக்கும். அந்த ஐம்பது அடிக்குள் அவருக்கு ஒரு ஆயுசு போனது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் கால் தடுமாறும். மரம் நிற்கிறதா? பூவரச வேர் ஆழம் போகாதே. பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது இவர்தான். இவர் சொன்னார் என்றுதான் அந்த மனுஷர் தலையை ஆட்டினார்.

"அவர் இருக்காரா, பாருங்க" என்றாள் அலமேலு.

"இருக்கார்" என்றார் கலியபெருமாள், பார்க்காமலே.

சவரிமுத்துவின் கை இறுகியது, தளர்ந்தது, இறுகியது. தென்னை மரத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு இதே ஐம்பது அடியை இந்தக் கை போன வருடம் நடந்திருக்கிறது. திரும்பிப் போனபோது அங்கே மரம் இல்லை. இப்போது அதையேதான் மறுபடி நடந்துகொண்டிருக்கிறது. கலியபெருமாளுக்கு அவ்வளவும் அந்த மணிக்கட்டு வழியாகவே தெரிந்தது.

அலமேலுவைக் கரையில் விட்டார்கள். அம்மா ஒரு பொன்னாடையை அவள்மேல் போர்த்தினார். ஒருவரும் மூச்சு வாங்க நிற்கவில்லை. விசில் ஊதியது. மறுபடி இறங்கினார்கள்.

மரம் இருந்தது. முன்னைவிட நன்றாகச் சாய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. சிங்காரம் அதைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கலியபெருமாள் கை பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"அவ ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க. வாங்க."

சிங்காரம் கரையேறி விழுந்ததும் அலமேலு ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "ஆடு மாடு ஆடு மாடுன்னு உசிரை விட்டீங்களே" என்று முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பத்து மணி சுமாருக்குத் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. வெயில்கூட இலேசாக எட்டிப்பார்த்தது. எல்லாரும் மடத்துக்குத் திரும்பினார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கலியபெருமாள் அதை அன்றைக்குத்தான் பார்த்தார். அம்மா வேப்பெண்ணெயைச் சூடு பண்ணிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தார். வரிசையில் யார் யார் பக்கத்தில் நின்றார்களோ அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிடித்த பிடியில் எல்லார் மணிக்கட்டும் கன்றிப்போயிருந்தது. நான்கு விரலும் கட்டை விரலும் அப்படியே பதிந்திருந்தன. யார் பிடித்துக் கன்றியதோ, அவரே எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். அவர்களுக்கு நடக்கிற பாராட்டு விழா இதுதான். மைக் கிடையாது, பேச்சு கிடையாது. "வலிக்குதா?" என்று ஒருவர் கேட்பார். "இல்லை" என்று மற்றவர் பொய் சொல்வார். வாழைக்காய் வியாபாரிகள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சவரிமுத்து உட்காரவில்லை. ஆற்றுப் படியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே அலசிவிட்ட கயிற்றை மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

கலியபெருமாளுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் இல்லை. அவர் எழுந்து அம்மாவிடம் போனார்.

"தாயே, இனிமே எனக்குக் கேள்வி இல்லை."

"தெரிஞ்சுபோச்சா?"

"நான் விடலை. அவளும் விடலை. பிரிச்சு, மரத்துல வெச்சுட்டு, அடுத்த நடை உனக்குத்தான்னு சொல்லிட்டு வந்திருக்கார். அவளும் நம்பித் தலையாட்டியிருக்கா." அழுதார். அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற எப்படியும் செஞ்சிருக்க முடியாது. இன்னிக்கு நானும் அதைத்தானே செஞ்சேன்."

அம்மா மீதியிருந்த எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதாக் காட்டிக்க மாட்டேன். இங்க அது வழக்கம் இல்லைன்னு சொன்னீங்க. பேசாம வீட்டுக்குப் போயிடறேன். இன்னிக்குத் தூக்கம் வரும்."

அம்மா எண்ணெய்க் கிண்ணம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். கலியபெருமாள் அதைப் பார்த்தார், ஆற்றுப் படியைப் பார்த்தார், நின்ற இடத்திலேயே நின்றார்.

"அவர் பேர்ல ஒரு தப்பும் இல்லை தாயே" என்றார்.

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு மாசமா ஒரு மனுஷன் உங்க பக்கத்துல நிக்கறான்" என்றார் தையலம்மாள். "நீங்க என்னன்னா, அதை எங்கிட்ட வந்து சொல்லிக்கிட்டிருக்கீங்க."